இல்லை என்பதன் எழுவாய்

வேலணை
15.06.2024

நிலாந்தினிக்கு,

நான் நல்ல சுகம். நீர் சுகமா என்று இந்தக் கடிதத்தில் கேட்கமாட்டேன். கோபம் இன்னும் அடங்கவில்லை.

நீர் போன் எடுப்பதும் நான் அதைத் தலையணைக்குக் கீழே தள்ளுவதும் இரண்டு மாதமாக நடக்கிறது. நெஞ்சில் இருந்த கட்டியைத் தைப்பொங்கல் தொடக்கம் மறைத்து வைத்திருந்தேன் என்று கேள்விப்பட்டவுடன் நீர் என்ன சொன்னீர் என்று நினைவிருக்கிறதா? "படிப்பிக்கிற பொம்பிளைதானே நீங்கள்? மண்டைக்குள்ளை என்ன களிமண்ணோ?" போன் ஸ்பீக்கரில் கிடந்தது. உமது அண்ணர் கேட்டார். மகள் துஷாந்தியும் கேட்டாள். கண்டியில் பெரிய டொக்டர் என்றால் அண்ணன் பெண்சாதியை எப்படியும் கதைக்கலாமா? போனில் உமக்கு டொக்டர் குரல் வந்துவிடுகிறது. கடிதத்தில் கத்த முடியாது. அதனால் இனிக் கடிதம்தான்.

இப்போது நல்ல செய்தி. வெசாக் பண்டிகைக்கு முதல்நாள் யாழ்ப்பாணத்தில் நெஞ்சை எடுத்தார்கள் அல்லவா? எடுத்த துண்டைச் சோதித்து, சித்திரையில் ஊசி குத்திப் பார்த்துச் சொன்னதுபோலப் புற்றுநோய்தான் என்று முதலில் ஒரு றிப்போட் தந்தார்கள். அதற்குப் பிறகு இன்னொரு சோதனைக்கு அனுப்பினார்கள். அந்த றிப்போட் நேற்று வந்தது. ஆங்கிலத்தில் என்னவெல்லாமோ எழுதியிருந்தது. ஆனால் மூன்று வரியின் முடிவில் மூன்று தரம் நெகற்றிவ் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. ஒன்றல்ல, மூன்று! கொரோனாக் காலத்தில் ஒரு நெகற்றிவ்வுக்கே நாங்கள் துள்ளிக் குதித்தோம்.

உமது அண்ணர் றிப்போட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நாளை குறிகட்டுவானில் வள்ளம் ஏறி நயினாதீவு அம்மனுக்குப் பொங்கப் போகிறோம். கிளினிக்குக்கு இனிப் போகமாட்டேன். இல்லாத வருத்தத்துக்கு மருந்து எதற்கு? பொங்கல் முடிந்தவுடன் பள்ளிக்கூடம் போவேன். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஆகுபெயரில் நிற்கிறார்கள், நான் இல்லாமல் அங்கேயே நின்றுவிடுவார்கள்.

உமக்கும் சந்தோஷமாக இருக்கட்டும் என்று றிப்போட்டின் படம் ஒன்றும் வைத்திருக்கிறேன்.

பரிமளம்


கண்டி
18.06.2024

அன்பு மச்சாள்,

கத்தியதற்கு மன்னிப்புக் கேட்கமாட்டேன். நாளைக்கு இன்னொரு கட்டியை ஒளித்தால் இன்னும் பலமாகக் கத்துவேன். ஆனால் இந்தக் கடிதத்தைக் கத்தாமல் எழுதுகிறேன். கதிரையில் இருந்து வாசியுங்கள். அண்ணையையும் பக்கத்தில் கூப்பிடுங்கள்.

நீங்கள் இலக்கண ரீச்சர். "இல்லை" என்று ஒரு பிள்ளை எழுதினால் என்ன கேட்பீர்கள்? எழுவாய் எங்கே என்று கேட்பீர்கள். அந்தக் கேள்வியை இந்த றிப்போட்டிடம் நீங்கள் கேட்கவில்லை. நெகற்றிவ் என்றால் இல்லைதான். எது இல்லை? புற்றுநோய் இல்லை என்று அதில் எங்கும் எழுதவில்லை. அது இருக்கிறது என்று முதல் றிப்போட்டே சொல்லிவிட்டது. இந்தச் சோதனை கேட்பது வேறு கேள்வி.

சொல்கிறேன், என் வேலையே இதுதான். எடுத்த துண்டை மெழுகில் பதித்து, வெங்காயத் தோலை விட மெல்லிதாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டி, ஒரு விசேஷமான சாயம் போடுவோம். நாங்கள் தேடுகிற பொருள் அந்தக் கலத்தில் இருந்தால் அந்த இடம் பழுப்பு நிறமாகும். இல்லாவிட்டால் நீலமாகவே கிடக்கும். மூன்று பொருள் தேடுகிறோம். முதல் இரண்டும் பெண்களின் ஓமோனைப் பிடிக்கும் வாங்கிகள். புற்றுக் கலத்துக்குக் காது மாதிரி என்று வையுங்கள். ஓமோன் "வளர்" என்று சொல்வதை அது அந்தக் காதால் கேட்கும். காது இருந்தால் நாங்கள் விழுங்க ஒரு குளிசையைக் கொடுத்துக் காதைப் பொத்திவிடலாம், அது வளராது. மூன்றாவது வேறொரு பொருள், ஹேர்-டூ என்று பெயர். அது இருந்தால் அதற்கென்று தனி ஊசி இருக்கிறது.

ஆகவே முதல் இரண்டிலும் பொசிற்றிவ் வருவதைத்தான் நாங்கள் விரும்புவோம். மூன்றும் நெகற்றிவ் என்றால் குளிசை இல்லை, தனி ஊசியும் இல்லை. உடம்பு முழுவதற்கும் போடும் பலத்த மருந்துதான். நோய் திரும்பி வரும் பயமும் கூடுதல்.

உங்கள் பொங்கலைப் பறிப்பதற்கு எனக்கு மனம் இல்லை. ஆனால் நீங்கள் கிளினிக்குக்குப் போகாமல் விடுவதைப் பார்த்துக்கொண்டிருக்க அதைவிட மனம் இல்லை. போங்கள் மச்சாள். போகாவிட்டால் லீவு போட்டுக்கொண்டு வந்து தூக்கிக்கொண்டு போவேன்.

நிலாந்தினி


வேலணை
22.06.2024

நிலாந்தினிக்கு,

உமது கடிதத்தை உமது அண்ணர்தான் உரத்து வாசித்தார். பாதியில் கடிதத்தை என்னிடம் நீட்டினார். மிச்சத்தை நான் வாசித்தேன்.

முதலில் உம்மீது வெறுப்பு வந்தது. உண்மையாகச் சொல்கிறேன். ஐந்தாறு நாள் நான் பயமில்லாமல் உலகத்தில் இருந்தேன், உமக்கு அது பொறுக்கவில்லை என்று நினைத்தேன். பிறகு எழுவாயைக் கேட்காமல் விட்டது நான்தானே என்று என்மீது எரிச்சல் வந்தது. பத்தாம் வகுப்புப் பிள்ளை இப்படி எழுதியிருந்தால் சிவப்புப் பேனையால் பக்கம் முழுவதும் கீறியிருப்பேன்.

கிளினிக்குக்குப் போனேன். நீர் எழுதியதையே அந்த வைத்தியரும் சொன்னார். ஆடி பிறந்ததும் அந்தப் பலத்த மருந்தின் முதல் ஊசி. மயிர் கொட்டும், சாப்பிட்டது சத்தியாக வரும், பரவாயில்லை. எனக்கு அது பயமில்லை. "இது மூண்டும் இல்லாத வகை அம்மா, குளிசை வேலை செய்யாது" என்று அவர் சொன்னதற்குத்தான் பயந்தேன். இவ்வளவு காலமும் இல்லை என்ற சொல்லைப் படிப்பித்தேன். அது ஒரு ஆளை இப்படி அடிக்கும் என்று எனக்குத் தெரியாது.

அந்த ஊசியைப் போடுவதா விடுவதா என்று நான் இன்னும் முடிவெடுக்கவில்லை. காது கேளாத ஒன்றோடு எவ்வளவு காலம் கத்துவது? இருக்கிற மாதங்களைத் துஷாந்தியோடு நிம்மதியாக இருந்துவிட்டுப் போகலாம் என்றும் ஒரு நினைப்பு ஓடுகிறது. நீர் இதற்கு ஏசுவீர். ஏசும்.

பரிமளம்


கண்டி
25.06.2024

அன்பு மச்சாள்,

ஏசுகிறேன். விசர்க் கதை கதைக்க வேண்டாம். அந்த மருந்து அதற்குக் கேட்கத் தேவையில்லை, காது இல்லாததையும் அது அடிக்கும். ஆடியில் போட வேண்டும் என்றால் போடத்தான் வேண்டும். இதில் விவாதம் இல்லை.

இன்னொரு விஷயம். நீங்கள் அனுப்பிய றிப்போட் படத்தை நேற்று மேசையில் விரித்து, ஒரு தெரியாத ஆளின் றிப்போட்டைப் பார்ப்பதுபோலப் பார்த்தேன். முதல் தடவை உறவுக்காரியாக வாசித்திருக்கிறேன். அதுதான் கண்ணுக்குப் படவில்லை. ஒரு வரி அதில் இல்லை. நாங்கள் வழமையாக எழுதும் வரி அது. என்ன வரி என்று இப்போது சொல்லமாட்டேன். வீணாக ஒன்றை நினைத்துக்கொண்டு இருப்பீர்கள்.

சோதித்த லாபில் கண்ணாடிகளும் மெழுகுக் கட்டியும் இருக்கும். நோயாளி கேட்டால் தருவார்கள். கையெழுத்து வைத்து வாங்கி, கண்ணாடி உடையாமல் பஞ்சு சுற்றி எனக்கு அனுப்புங்கள். ஊசித் திகதியைத் தள்ளிப்போட வேண்டாம், நான் பார்ப்பது ஒரு பக்கம் நடக்கட்டும். அண்ணை நன்றாகச் சாப்பிடுகிறாரா?

நிலாந்தினி


வேலணை
28.06.2024

நிலாந்தினிக்கு,

கண்ணாடிகளும் மெழுகும் கூரியரில் வருகின்றன. பஞ்சு போதாது என்று உமது அண்ணர் தன் பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றியிருக்கிறார். பிரித்துப் பார்த்துச் சிரிக்க வேண்டாம்.

அந்தக் கண்ணாடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நடுவில் நீலமாக ஒரு சிறு கறை. பிள்ளைக்குப் பால் கொடுத்த இடம் இப்படி ஒரு கறையாகப் போய்விட்டது என்று அழுகை வந்தது. அழுது முடித்துத்தான் பொதி கட்டினேன்.

அவர் சாப்பிடுகிறாரா என்று கேட்டீர். சோற்றுக் கோப்பையைக் கழுவி வைக்கிறார். சாப்பிட்டுவிட்டுக் கழுவுகிறாரா என்று எனக்குத் தெரியாது.

பரிமளம்


கண்டி
03.07.2024

அன்பு மச்சாள்,

பார்த்துவிட்டேன். முழுவதும் சொல்கிறேன், ஆனால் பொங்கலுக்கு ஓட வேண்டாம். இன்னும் ஒன்றும் முடியவில்லை.

அந்தக் கண்ணாடியில் புற்று மட்டும் இல்லை. அதற்குப் பக்கத்தில் உங்கள் நல்ல பால்க்குழாய்களும் கிடக்கின்றன, வருத்தம் ஒன்றும் இல்லாதவை. எந்தப் பெண்ணின் நல்ல பால்க்குழாயிலும் ஓமோன் வாங்கி இருக்கும். எல்லாக் கலத்திலும் இல்லாவிட்டாலும் அங்கொன்று இங்கொன்றாகப் பழுப்பு நிறம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அந்தச் சோதனை செல்லாது. நான் சொன்ன, றிப்போட்டில் இல்லாத வரி அதுதான்: நல்ல குழாய்கள் பழுப்பாகினவா?

உங்களுடையவை பழுப்பாகவில்லை மச்சாள். ஒன்றுகூட இல்லை. ஊசிமுனை அளவுகூட இல்லை.

நீங்கள் வகுப்பில் வரவு இடாப்பைப் பார்த்துப் பெயர் கூப்பிடுகிறீர்கள். முன் வரிசை வாங்கில் பிள்ளைகள் இருப்பது உங்கள் கண்ணுக்கே தெரிகிறது. ஆனால் ஒருவரும் வாய் திறக்கவில்லை. வகுப்பில் யாரும் இல்லை என்று எழுதுவீர்களா? என்னவோ பிழை என்றுதான் நினைப்பீர்கள். அந்த லாபில் இருந்தவர் யாரும் இல்லை என்று எழுதிவிட்டார்.

சாயத்தில் பிழையோ என்று முதலில் சந்தேகப்பட்டேன். இல்லை. அதே கண்ணாடியின் ஓரத்தில் சரிபார்ப்பதற்காக வேறு யாருடையதோ துண்டு ஒன்று வைத்திருக்கிறார்கள். அது வடிவாகப் பழுப்பாகியிருக்கிறது. ஆகவே சாயம் நல்லது. பிழை உங்கள் துண்டில். அது சாயத்துக்கு வருவதற்கு முன்பே பழுதாகத் தொடங்கியிருக்கிறது. கலங்களின் விளிம்பெல்லாம் கலங்கிக் கிடக்கின்றன. உடம்பை விட்டு எடுத்த துண்டு உடனடியாக ஃபோமலினில் மூழ்க வேண்டும். மூக்கைத் துளைக்கும் மருந்துத் தண்ணீர் ஒன்று, அதுதான். மூழ்காவிட்டால் அந்த வாங்கிகள் அழிந்துபோகும். பிறகு எவ்வளவு தேடினாலும் இல்லை என்றுதான் வரும்.

புற்றுக்குக் காது இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. இல்லை என்று சொல்ல அந்த லாபுக்கு உரிமை இல்லை என்று சொல்கிறேன். இன்றைக்கு உள்ள சரியான பதில்: தெரியாது.

எனக்கு ஒன்று தெரிய வேண்டும். சத்திரசிகிச்சை முடிந்து லாபுக்குப் போகும் வரைக்கும் அந்தத் துண்டைப் போட்ட போத்தில் எங்கே இருந்தது? யார் கையில் இருந்தது? யாரையும் பிடித்துக் கொடுப்பதற்குக் கேட்கவில்லை. கேட்டு எழுதுங்கள்.

நிலாந்தினி


வேலணை
07.07.2024

நிலாந்தினிக்கு,

கேட்டேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

நான் வாட்டில் மயக்கத்தில் கிடந்தபோது போத்திலை உமது அண்ணர் கையில்தான் கொடுத்திருக்கிறார்கள், லாபில் கொண்டுபோய்க் கொடுங்கள் என்று. அன்று மத்தியானமே லாப் வெசாக்குக்குப் பூட்டு, பிறகு சனி ஞாயிறு. இதுவரைக்கும் எனக்குத் தெரியும். மிச்சத்தை நேற்றுக் குசினியில் வைத்துக் கேட்டேன்.

"போத்திலை எங்கை வைச்சனீங்கள்?"

"எந்தப் போத்தில்?"

"என்ரை நெஞ்சைப் போட்டுத் தந்த போத்தில்."

அவர் எழும்பி மிளகாய்க் கன்றுக்குத் தண்ணீர் விடப் போனார். மழை பெய்யாத மாதம்தான், ஆனால் காலையில்தான் விட்டிருந்தார். நானும் பின்னால் போனேன்.

"நாறிச்சுதப்பா," என்றார், என்னைப் பார்க்காமல். "பஸ்ஸிலை மூடி கொஞ்சம் கசிஞ்சு எல்லாருக்கும் கண் எரிஞ்சுது. பண்ணைப் பாலத்திலை கொண்டக்டர் இறங்கச் சொல்லிப்போட்டான். அல்லைப்பிட்டி வரைக்கும் வெயிலுக்கை நடந்தனான். அந்தத் தண்ணி உன்ரை சதையைத் தின்னுது எண்டு நினைச்சன். இந்த எரிவு எரியிற தண்ணிக்கை ஒரு மனிசரின்ரை சதையை விடலாமோ?"

"அதுக்கு?"

"ஊத்திப்போட்டன். நல்ல தண்ணியிலை கழுவி, மீன் யாவாரி றொஜனிட்டை ஐஸ் பெட்டி வாங்கி அதுக்கை வைச்சனான். ஐஸிலை மீன் நாலு நாள் கிடக்குதுதானே, இது கிடவாதோ? உன்ரை சாமானல்லோ, பழுதாகக் கூடாது. உருகஉருக ஐஸ் மாத்தினனான். ஒரு நாளும் நித்திரை கொள்ளேல்லை."

லாப் திறந்த அன்று கொடுத்திருக்கிறார். அவர்கள் மருந்துத் தண்ணீர் ஊற்றி வாங்கி வைத்திருக்கிறார்கள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

நிலாந்தினி, எனக்கு முதலில் ஆத்திரம்தான் வந்தது. இவருக்கு யார் சொன்னது என்னை மீனாக்கச் சொல்லி? பிறகு அந்த மனிசன் கசியும் போத்திலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வெயிலில் நடந்ததை நினைத்தேன். மிளகாய்ப் பாத்திக்குள் நின்று இரண்டு பேரும் அழுதோம். சிரிப்பும் வந்தது. தீவுக்குள் பிறந்தவனிடம் சதையைக் கொடுத்தால் அவன் ஐஸ் போடாமல் வேறு என்ன செய்வான்?

இப்போது சொல்லும். பழுதான துண்டைத் திருத்த ஏலுமா? ஏலாது என்றால் ஏலாது என்றே எழுதும். எனக்கு அரைச் சொல் வேண்டாம். ஊசித் திகதிக்குப் பத்து நாள்தான் கிடக்கிறது.

பரிமளம்


கண்டி
10.07.2024

அன்பு மச்சாள்,

திருத்த ஏலாது. ஆனால் அது தேவையும் இல்லை.

சித்திரையில் கிளினிக்கில் கட்டிக்குள் தடித்த ஊசி குத்தி நூல் மாதிரிச் சில துண்டுகள் எடுத்தார்கள் அல்லவா? புற்றா இல்லையா என்று பார்ப்பதற்கு? அந்த நூல்கள் கட்டிலுக்குப் பக்கத்திலேயே ஃபோமலினுக்குள் விழுந்தவை. அண்ணை கையில் அகப்படவில்லை! அவற்றின் மெழுகுக் கட்டி அங்கே லாப் அலுமாரியில் இருக்கிறது. அப்போது அதில் இந்த மூன்று சோதனையும் செய்யவில்லை. அங்குள்ள வைத்தியரோடு கதைத்துவிட்டேன், நாளை மறுநாள் என் கைக்கு வருகிறது. உங்கள் கிளினிக் வைத்தியரோடும் கதைத்தேன். பதில் வரும்வரை ஒரு கிழமை பொறுக்கச் சம்மதித்தார். அதற்கு மேல் நானும் கேட்கமாட்டேன்.

அண்ணையை ஏச வேண்டாம். அந்தத் தண்ணீரை ஊற்றக்கூடாது என்று அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியது எங்கள் ஆட்களின் வேலை. இங்கே போத்திலில் தமிழிலும் சிங்களத்திலும் "ஊற்றாதீர்கள், ஐஸ் வைக்காதீர்கள்" என்று ஒட்டுவதற்கு நேற்றே ஏற்பாடு செய்துவிட்டேன்.

இந்த முறையும் இல்லை என்று வந்தால், அது எழுவாயோடு வந்த இல்லையாக இருக்கும். அடுத்த நாளே ஊசி. சம்மதம் என்று ஒரு சொல் எழுதுங்கள்.

நிலாந்தினி


வேலணை
13.07.2024

சம்மதம்.

பரிமளம்


கண்டி
18.07.2024

அன்பு மச்சாள்,

நல்ல பால்க்குழாய்களை முதலில் பார்த்தேன். அதைப் பார்க்காமல் புற்றைப் பார்ப்பதில்லை என்று எனக்கு நானே சொல்லிவிட்டுத்தான் கண்ணை வைத்தேன். ஒரு ஓரத்தில் இரண்டு சிறிய குழாய்கள் இருந்தன. பழுப்பு, அங்கொன்று இங்கொன்றாக, எப்படி இருக்க வேண்டுமோ அப்படி. வகுப்பு வாய் திறந்துவிட்டது. பிறகு கண்ணாடியைப் புற்றுப் பக்கம் நகர்த்தினேன்.

முழுவதும் பழுப்பு மச்சாள். நூறு கலத்தில் தொண்ணூறு, கடும் பழுப்பு. இரண்டாவது வாங்கியும் இருக்கிறது. காது இருக்கிறது, நன்றாகக் கேட்கும் காது.

என்னுடையது உறவுக்காரியின் கண். அதனால் பெயரை மறைத்துப் பக்கத்து அறை வைத்தியரிடம் கொடுத்தேன். அவர் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு நான் எழுதியதையே எழுதினார். அதற்குப் பிறகுதான் அறைக் கதவைச் சாத்திவிட்டு அழுதேன். எத்தனை ஆயிரம் கண்ணாடி பார்த்திருப்பேன், ஒன்றுக்கும் அழுததில்லை.

மூன்றாவது, ஹேர்-டூ, இப்போதும் இல்லைதான். அந்த இல்லை பரவாயில்லை, உங்கள் வகைக்கு அது நல்லதொரு "இல்லை". கைக்குக் கீழே கமக்கட்டில் எடுத்த நெறிக் கழலைகளிலும் புற்று இல்லை, கட்டியும் சிறியது. எல்லாவற்றையும் கிளினிக்குக்கு அனுப்பிவிட்டேன். முடிவு அந்த வைத்தியருடையது. ஆனால் அவர் குளிசை என்றுதான் சொல்வார். ஐந்து வருடம், சிலவேளை கூடவும். ஒரு நாளும் தவறக்கூடாது. உடம்பு திடீரென்று கொதிக்கும், வியர்க்கும், மூட்டு நோகும். அதற்காக நிறுத்தினால் வந்து கத்துவேன்.

நிலாந்தினி


வேலணை
24.07.2024

அன்புள்ள நிலாந்தினிக்கு,

நீர் சொன்னதையே வைத்தியர் சொன்னார். ஊசி இல்லை. குளிசைதான். "அஞ்சு வருஷம் விடாமல் போடுவீங்களோ அம்மா?" என்று கேட்டார். பத்து வருடம் என்றாலும் போடுவேன் என்றேன். அவர் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஐந்து வருடம் என்று ஒரு மனிசர் என்னைப் பார்த்துச் சாதாரணமாகச் சொன்னது காதுக்குள் நின்றுகொண்டே இருந்தது. உமது அண்ணர் அன்று இரண்டு கோப்பை சோறு சாப்பிட்டார். நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

உமக்கு எழுதாத ஒன்று உண்டு. உமது முதல் கடிதம் வந்த கிழமை, நான் ஒருவரிடமும் கேட்காமல் எங்கள் பசு சிவப்பியை அவிழ்த்துக்கொண்டுபோய்ப் பக்கத்து வளவு சறோஜினிதேவி அக்காவிடம் கொடுத்துவிட்டேன். கன்று வயிற்றில் இருந்தது. நான் போன பிறகு இவருக்கு மாடு பார்க்கத் தெரியாது, துஷாந்தி கம்பஸுக்குப் படிக்கப் போய்விடுவாள், அது பட்டினி கிடக்கக்கூடாது என்று நினைத்தேன். சும்மாதான் கொடுத்தேன். அக்கா அழுதுகொண்டு வாங்கினா.

கிளினிக்கால் வந்த அன்று பின்னேரம், சேலையும் மாற்றாமல் அங்கே போனேன். சிவப்பி கன்று போட்டிருந்தது. அக்கா கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றா.

"என்ன பரிமளம், குடுத்த மாட்டை ஆரும் திருப்பிக் கேப்பினமோ?" என்றா.

"நான் கேப்பன்," என்றேன்.

"இவ்வளவு நாளும் புல்லுப் போட்டது நானெல்லோ. சினையிலை வந்தது, கண்டுக்குட்டி எனக்குத்தான்."

"கண்டை நீங்கள் வைச்சிருங்கோ அக்கா. பால் மறக்குமட்டும் ரண்டும் என்ரை வளவிலை நிக்கட்டும். அதுக்குப் பிறகு வந்து கூட்டிக்கொண்டு போங்கோ."

"அதுக்கு எத்தினை மாதம் செல்லும் தெரியுமே?"

"செல்லட்டும்," என்றேன். "எனக்கு நாள் கிடக்கு."

பரிமளம்